அத்தை பார்த்த சிறுத்தைப் படம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பழைய மெட்ராஸ்காரர்களுக்கு அது இன்னமும் செத்த காலேஜ்தான். வெண்கலச் சிலைகளை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து முடித்தவள், திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் வந்ததும் நின்றுவிட்டாள். அண்ணாந்து விலா எலும்புகளை எண்ணத் தொடங்கினாள். பாதியில் கணக்கு தப்பியது. "இதுல ஒரு எலும்பு காணாமப் போச்சுன்னா யாராச்சும் கண்டுபிடிப்பாங்களாப்பா?" என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காரணத்தை அங்கே நின்று விளக்க முடியாது. விளக்குவதென்றால் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்தும், எங்கள் அத்தையிலிருந்தும், ஒரு சிறுத்தையிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. அப்பாவுக்குப் பொன்மலைப் பணிமனையில் வேலை. தெரு முழுக்க ஒரே அச்சில் கட்டிய வீடுகள். சங்கு ஊதினால் எழுவோம், சங்கு ஊதினால் சாப்பிடுவோம். கேபிள் டிவி அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. எந்த சேனல் எந்த எண்ணில் வரும் என்பது கேபிள்காரருக்கே நிச்சயமில்லை. எனக்கும் தம்பிக்கும் வேண்டியதெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க்தான். டாமும் ஜெர்ரியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அதில் கார்ட்டூன் கிடையாது. அதே இடத்தில் டிஎன்டி என்று இன்னொரு சேனல் முளைக்கும். எம்ஜிஎம், ஆர்கேஓ கம்பெனிகளின் பழைய படங்கள் அன்றைக்கு டெட் டர்னர் என்ற அமெரிக்க முதலாளியின் நிறுவனத்திடம் இருந்தன. இந்த இரண்டு சேனல்களும் அவர் ஆரம்பித்தவைதான். எலியைத் துரத்தி முடித்த திரையில் கோட்டு சூட்டு போட்ட ஆண்களும், தரையைக் கூட்டும் கவுன் போட்ட பெண்களும் கறுப்பு வெள்ளையில் வந்து மூச்சு விடாமல் பேசுவார்கள். தம்பி எழுந்து போய்விடுவான். எங்கள் டிவிக்கு ரிமோட் கிடையாது. எழுந்து போய் அணைக்கச் சோம்பல்பட்டே நான் உட்கார்ந்திருப்பேன். இந்த மாதிரிப் படங்களுக்கு ஸ்குரூபால் காமெடி என்று ஒரு பெயர் இருப்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்த சங்கதி.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமா காலமானபிறகு எங்களோடுதான் இருந்தாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளில் இருப்பது மட்டும். ஆனால் சினிமா தெரியும். சின்னப்பா தேவர் படங்கள் என்றால் உயிர். 'நல்ல நேரம்' யானைகளைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். 'ஆட்டுக்கார அலமேலு' ஆட்டுக்கு இருந்த புத்தி தன் தம்பிக்கு இல்லை என்று அப்பாவின் காதுபடவே சொல்வாள்.

அன்றைக்கு அவள் அடுக்களையில் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தபோது திரையில் ஒரு சிறுத்தை நடந்துகொண்டிருந்தது. கூண்டு கிடையாது, சங்கிலி கிடையாது. பெரிய வீட்டுக்குள் வளர்ப்பு நாய் மாதிரி உலாத்துகிறது. அதைப் பார்த்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் பதறுகிறான். அந்த வீட்டுப் பெண் பதறவில்லை. "அட, இங்கிலீஷ்காரன்லயும் ஒரு தேவர் இருக்காருடா" என்று சொல்லிவிட்டு அத்தை என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். படம் 'பிரிங்கிங் அப் பேபி'. கேரி கிராண்ட், கேத்தரின் ஹெப்பர்ன், இயக்கம் ஹோவர்ட் ஹாக்ஸ். 1938இல் வந்தது.

படத்தின் ஆரம்பத்தை அத்தை பார்க்கவில்லை. இது முக்கியம். நாயகன் டேவிட் ஒரு மியூசியத்தில் வேலை பார்க்கிறவன். பிரண்டோசரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டை நாலு வருஷமாகக் கோத்துக்கொண்டிருக்கிறான். அதில் சேர்க்க வேண்டிய கடைசி எலும்பு அவன் கைக்கு வருகிறது. மறுநாள் அவனுக்குக் கல்யாணம். இதெல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது. அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஒருத்தன் ஒரு பெட்டிக்குள் ஓர் எலும்பை வைத்துக்கொண்டு தவிக்கிறான். கட்டிலில் வைத்த பெட்டியிலிருந்து அதை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடிவிடுகிறது. அவனுக்கு உயிரே போய்விட்டது.

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி! அப்பனோட அஸ்தியைப் போயி நாய் தூக்கிட்டுப் போயிருச்சே!"

நான் அவளைத் திருத்தவில்லை. எனக்கே கதை அரைகுறையாகத்தான் பிடிபட்டிருந்தது. அஸ்தி என்றதும் எல்லாம் துலங்கிவிட்டது. காடு மேடெல்லாம் குழி தோண்டித் தோண்டித் தேடுகிறானே, அஸ்திக்காகத்தான். மணமேடையில் நிற்க வேண்டியவன் அதை விட்டுவிட்டு நாயின் பின்னால் நாலு காலில் தவழ்கிறானே, அதற்கும் அதுதான் காரணம். "கரைக்காம எப்படிக் கல்யாணம் பண்ணிக்குவான், நீயே சொல்லு" என்றாள் அத்தை. அவள் மனசில் அம்மா மண்டபம் படித்துறையும் காவிரியும் வந்துவிட்டிருந்தன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பண்ணை வீடு அதற்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

மறுநாள் அடுத்த குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் அத்தை கதை முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டிக்குக் கேரி கிராண்ட் என்றால் கண் மலரும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது அஸ்தி இல்லை, எந்தக் காலத்திலோ செத்துப்போன மிருகத்தின் எலும்பு என்று விளக்கினார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "மிருகத்து எலும்புக்காக எவனாச்சும் கல்யாணத்தை விடுவானா?" என்றாள். ஆன்ட்டியிடம் இதற்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் படத்தை எழுதியவர்களிடமும் இருந்திருக்காது. டேவிட்டுக்கு அந்தக் கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவள் தேனிலவும் வேண்டாம், பிள்ளை குட்டியும் வேண்டாம், இந்த எலும்புக்கூடே நமக்குப் பிள்ளை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாளே.

அந்தக் கடைசி எலும்புக்குப் படத்தில் இன்டர்காஸ்டல் கிளாவிக்கிள் என்று பெயர். பின்னாளில் என் மைத்துனன் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது அவனிடம் கேட்டேன். விலா எலும்புகளுக்கு நடுவில் காறை எலும்பு எப்படி வரும் என்று அரைமணி நேரம் சிரித்தான். அப்படி ஒரு எலும்பே கிடையாது. சிறுத்தையும் அதே மாதிரிதான். பிரேசிலிலிருந்து அண்ணன் அனுப்பியதாக நாயகி சொல்கிறாள். பிரேசில் காட்டில் சிறுத்தை ஏது? அங்கே இருப்பது ஜாகுவார். இல்லாத எலும்பும் இருக்க முடியாத சிறுத்தையும் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு எதை வேண்டுமானாலும் நடத்தலாம் என்பது இந்தப் படக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அத்தை விழுந்து விழுந்து சிரித்த காட்சி ஒன்று உண்டு. முதல் தடவை அதை அவள் தவறவிட்டிருந்தாள், மறுஒளிபரப்பில்தான் பார்த்தாள். பெரிய ஓட்டலில் விருந்து. நாயகி சூசன் டேவிட்டின் கோட்டைப் பிடித்து இழுக்க, அது முதுகில் கிழிகிறது. கோபித்துக்கொண்டு அவள் திரும்பி நடக்கிறாள். அவன் கால் அவள் கவுனின் மேல் இருப்பது இருவருக்கும் தெரியாது. கவுனின் பின்பக்கம் மொத்தமாகக் கையோடு வந்துவிடுகிறது. அவளுக்கு விஷயம் தெரியாது. நிமிர்ந்து நடக்கிறாள், திட்டுகிறாள். இவன் தன் தொப்பியை எடுத்து அவள் பின்னால் பிடிக்கிறான். அதற்கும் திட்டு வாங்குகிறான். ஒருவழியாக அவளுக்கு உறைக்கிறது. உடனே அவளுக்குப் பின்னால் இவன் ஒட்டிக்கொள்ள, இருவரும் ஒரே உடம்பாக, இடது வலது என்று கால் மாற்றி, அத்தனை பேர் பார்க்க, ராணுவ நடை நடந்து வெளியே போகிறார்கள். வசனம் ஒன்றுகூடப் புரிய வேண்டாம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மானத்தைக் காப்பாத்திட்டான் புள்ள. இவனையே கட்டி வச்சிரலாம்" என்றாள். ஆறேழு நிமிஷத்துக்கு முன்னால் கீழே விழுந்த ஆலிவ் காய் ஒன்றில் வழுக்கித் தன் தொப்பியின் மேலேயே உட்கார்ந்தவன் அவன். வரிசையாக எத்தனை அடி வாங்கினாலும் அடுத்த அடிக்கு எழுந்து நிற்பான்.

கேத்தரின் ஹெப்பர்னுக்கு அதுதான் முதல் முழு நகைச்சுவைப் படம். அதுவரை அழுத்தமான பாத்திரங்களில் நடித்தவர், சிரிக்க வைக்க வேண்டும் என்று மெனக்கெட்டதில் ஆரம்பத்தில் எதுவும் சரியாக வரவில்லை. நாடக மேடைகளில் பழம் தின்று கொட்டை போட்ட வால்டர் கேட்லெட் என்ற நகைச்சுவை நடிகரை ஹாக்ஸ் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நகைச்சுவையைச் சிரிக்காமல் செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். வாத்தியார் நடித்துக் காட்டியதைப் பார்த்து அசந்துபோன ஹெப்பர்ன், இவரும் படத்தில் இருக்க வேண்டும் என்று நிற்க, அவர் போலீஸ்காரர் ஸ்லோகம் ஆகிவிட்டார். சிறுத்தையின் நிஜப் பெயர் நிஸ்ஸா. பழக்கியவர் ஓல்கா செலஸ்டி என்ற பெண்மணி. காமிராவுக்கு வெளியே சாட்டையோடு நிற்பார். கிராண்டுக்கு அதன் கிட்டே போகவே நடுக்கம். சிறுத்தையும் அவரும் சேர்ந்து தெரிகிற இடங்கள் பல படச்சுருளில் செய்த ஒட்டுவேலை. ஹெப்பர்னோ அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நடித்தார். திரையில் தெரிந்த பயமும் பயமின்மையும் பாதி நிஜம். அத்தை அதைப் படம் பார்த்தே சொல்லிவிட்டாள்: "அவன் நிசமாவே பயப்படுறான்டா."

இவ்வளவு செய்தும் படம் கைகொடுக்கவில்லை. படப்பிடிப்பு நாள்கணக்கு எகிறி, செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டி, ஆர்கேஓவுக்கு நஷ்டம் வந்தது. அதே 1938இல் தியேட்டர் முதலாளிகள் சங்கம் ஒன்று, வசூலுக்கு விஷம் என்று சில நட்சத்திரங்களின் பெயரைப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. கிரேட்டா கார்போ, மார்லின் டீட்ரிச், ஜோன் கிராஃபோர்டு என்று நீண்ட பட்டியலில் ஹெப்பர்னும் இருந்தார். அவர் பணம் கட்டி ஆர்கேஓ ஒப்பந்தத்திலிருந்து விலகி, பிராட்வேக்குப் போய் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' நாடகத்தில் நடித்து, அதன் பட உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு 1940இல் ஹாலிவுட்டுக்குத் திரும்பினார். யாரும் பிறகு விஷம் என்று சொல்லவில்லை. எலும்புக்காரனோ தியேட்டரில் தோற்றுத் தொலைக்காட்சியில் ஜெயித்தான். ராத்திரி நேரத்து மறுஒளிபரப்புகள்தான் அந்தப் படத்தைப் பிழைக்க வைத்தன. அந்தப் பிழைப்பின் ஒரு சின்னப் பங்கு பொன்மலையில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் நடந்தது.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபிறகு பர்மா பஜாரில் டிவிடி பொறுக்குகிற வியாதி எனக்குத் தொற்றியது. அத்தை மூட்டுவலி வைத்தியத்துக்கு வந்து சில மாதங்கள் என்னோடு இருந்தாள். ஒருநாள் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' போட்டேன். 1934, ஃபிராங்க் காப்ரா படம். பணக்கார வீட்டுப் பெண் அப்பாவோடு சண்டை போட்டு, படகிலிருந்து கடலில் குதித்து, மயாமியிலிருந்து நியூயார்க்குக்குப் பஸ் ஏறுகிறாள். அதே பஸ்ஸில் வேலை போன பத்திரிகைக்காரன் ஒருவன். கால் மணி நேரம் போவதற்குள் அத்தை என்னைக் கையமர்த்தினாள். "நிறுத்து. இது சந்திரோதயம்ல?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. எம்ஜிஆர் நிருபராகவும் ஜெயலலிதா வீட்டை விட்டு வந்த பெண்ணாகவும் நடித்த 1966 படத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் ஏவிஎம் தயாரித்த இந்திப் படம் 'சோரி சோரி'யும் இதே கதைதான், ராஜ்கபூர், நர்கிஸ். அந்த அமெரிக்கப் பஸ் வடபழனி வழியாகத்தான் நம் நாட்டுக்குள் வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் வழியோர விடுதி ஒன்றில் இருவரும் ஒரே அறையில் தங்க நேர்கிறது. கையில் காசு இல்லை. அவன் குறுக்கே ஒரு கயிறு கட்டி அதில் கம்பளியைத் தொங்கவிட்டு, இதுதான் ஜெரிக்கோ கோட்டைச் சுவர் என்கிறான். உலகம் முழுக்கப் பேசப்பட்ட காட்சி. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அத்தை பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "நாகப்பட்டினத்துல எங்க மாமியார் வீடு ஒரே ரூமு. எனக்குக் கல்யாணமானப்ப கொடியில போட்ட புடவைதான் சுவரு. அந்தாண்ட ஏழு பேரு படுத்திருப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க மாமா அந்தப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காம ஜோக் சொல்லுவாரு" என்றாள். அவளிடமிருந்து மாமாவைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இந்தப் படங்களைப் பார்த்துக் கோடி கோடியாகச் சிரித்தார்களே, அந்தக் காலம் அப்படியொன்றும் சிரிப்புக் காலமில்லை. அமெரிக்காவில் பெருமந்தம், 1933இல் தொழிலாளர் படையில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. படத்தின் அந்தப் பஸ்ஸிலேயே ஒரு தாய் பசியில் மயங்கி விழுகிறாள். அவள் பையன் கையில் இவர்களிடம் மிச்சமிருந்த பணம் போய்விடுகிறது. படத்தின் கடைசியில் பெண்ணைக் கண்டுபிடித்ததற்கு 10,000 டாலர் சன்மானம் காத்திருக்கிறது. பத்திரிகைக்காரன் அதைத் தொடவில்லை. வழியில் தன் கையிலிருந்து செலவானது 39 டாலர் 60 சென்ட், அதை மட்டும் கொடுங்கள் என்று பில்லை நீட்டுகிறான். எனக்கு முத்தக் காட்சிகளைவிட அந்தப் பில் பிடிக்கும்.

1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகிவிட்டன. கட்டிலைக் காட்டக்கூடாது என்றதும் காதலையெல்லாம் வாய்ச்சண்டையாக மாற்றிவிட்டார்கள். நம்மூர்த் தணிக்கைக்குப் பூவும் பூவும் முட்டிக்கொண்டது. அவர்களுக்கு வாயும் வாயும். இரண்டில் எது மேல் என்று கேட்டால் யோசிக்காமல் வாய் என்பேன்.

ஆனால் அத்தைக்கு இந்தப் படங்கள் ஏன் பிடித்தன என்பதற்கு வேறு காரணம் இருந்தது. 'அறிவாளி'யில் சிவாஜி பானுமதியை அடக்குவார். 'பட்டிக்காடா பட்டணமா'வில் ஜெயலலிதாவை அடக்குவார். 'மன்னன்' வரைக்கும் அதே சடங்கு. வாய் நீண்ட பெண் வந்தால் கடைசி ரீலில் வாயை மூடிக்கொண்டு புருஷன் காலடிக்கு வந்தாக வேண்டும். அத்தை அவற்றையும் ரசித்துத்தான் பார்த்தாள், கைகூடத் தட்டினாள். சூசன் வந்தபிறகு ஏதோ மாறியது. சூசன் ஒருத்தன் காரைத் தன் கார் என்று ஓட்டிக்கொண்டு போகிறாள், வக்கீலின் ஜன்னலில் கல்லெறிகிறாள், வீட்டுச் சிறுத்தை என்று நினைத்து ஆளைக் கொல்லும் சர்க்கஸ் சிறுத்தையைக் கயிறு கட்டிப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் தரதரவென்று இழுத்து வருகிறாள். படம் முடிகிறவரை யாரும் அவளைத் திருத்தவில்லை. திருந்துகிறவன் டேவிட். வாழ்க்கையிலேயே அவளோடு கழிந்த அந்த நாள்தான் நன்றாக இருந்தது என்று அவனை ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறாள்.

"அவளை யாரும் ஒரு அறைகூட அறையலயே" என்று அத்தை முதல் தடவை ஆச்சரியப்பட்டாள். அடுத்த தடவை ஆச்சரியப்படவில்லை. தம்பி மனைவியான என் அம்மாவிடம், "பாரு, எப்படி இழுத்துட்டு வர்றா" என்று பெருமையோடு காட்டினாள்.

கிளைமாக்ஸைச் சொல்ல மறந்துவிட்டேன். காணாமல் போன எலும்பை சூசன் தேடிக் கண்டுபிடித்து மியூசியத்துக்கே கொண்டுவருகிறாள். டேவிட் அவளுக்குப் பயந்து எலும்புக்கூட்டின் மேல் சாரத்தில் ஏறி நிற்கிறான். அவள் எதிர்ப்பக்கம் ஏணியில் ஏறுகிறாள். ஏணி ஆடுகிறது. அவள் எலும்புக்கூட்டின் மேலேயே தாவ, நாலு வருஷ உழைப்பு ஒரே இரைச்சலில் சரிந்து குவியலாகிறது. அவள் கையை மட்டும் அவன் பிடித்துவிட்டான். அத்தை அந்த எலும்புக்கூட்டை முதல் முறையாக அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். "அடேயப்பா, எம்மாம் பெரிய மனுசன்!" என்றாள். குவியலைப் பார்த்துவிட்டு, "சரி விடு. எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிக் கரைச்சிரலாம்" என்று எழுந்து படுக்கப் போனாள்.

நிஜமாகவே நம்பினாளா, எங்களை வைத்து விளையாடினாளா என்பதை அவள் கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது டிஎன்டி கிடையாது. கூடத்தில் எல்லோரும் ஒரே திரையைப் பார்த்து உட்காரும் வழக்கமும் போய்விட்டது. என் மகள் எதைப் பார்த்தாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறாள். அருங்காட்சியகத்திலிருந்து வந்த அன்று ராத்திரி அவளுக்கு இந்தப் படத்தைப் போட்டேன். பத்து நிமிஷம் கழித்து, "இது ஏற்கனவே வேகமா ஓடுதாப்பா?" என்றாள். ஓடவில்லை, பேசுகிறார்கள் என்றேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கவுன் கிழிந்த இடத்தில் அவள் சிரித்தது அச்சாக எங்கள் வீட்டுச் சிரிப்பு.

படம் 102 நிமிஷம்தான். பார்க்காதவர்கள் பாருங்கள். முதல் தடவை சப்டைட்டில் போடாதீர்கள். இங்கிலீஷ் தெரியாத பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கதையை அவர்களே சொல்லட்டும்.